முப்பத்தைந்தில் ஒரு பங்கு உண்மை

டி-72எம்1 டாங்கியின் எடை ஏறத்தாழ 41.5 டன். பீரங்கிக் குழலோடு சேர்த்து அளந்தால் 9.53 மீட்டர் நீளம். அதை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 27 சென்டிமீட்டர். புத்தக அலமாரியில் ஒரு தட்டு போதும். எடையைச் சுருக்க வேறு கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் தனித்தனியே 35 மடங்கு குறைவதால் 42,875-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வரும் கிட்டைக் கட்டி முடித்துத் தராசில் வைத்தாலோ, அந்த ஒரு கிலோவில் சிறு பங்குதான் தேறும்.

டாங்கி மாடல் கட்டும் கலையின் பலமும் பலவீனமும் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கின்றன. அளவுகோல் தொடக்கூடிய எல்லாவற்றையும் இந்தக் கலை வியக்கத்தக்க நேர்மையோடு சுருக்கித் தருகிறது. எடை, நிறம், அழுக்கு, வயது, அந்த இரும்புக்குள் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் என அளவுகோலுக்கு அகப்படாதவற்றைக் கட்டுபவரே இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. எதைப் பார்த்து அவர் நிரப்புகிறார்? இந்தக் கலையை மதிப்பிட விரும்புகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

டி-72-ஐ உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. சோவியத் வடிவமைப்பான இந்த டாங்கி ‘அஜேயா’ என்ற பெயரிலும், அதன் வழிவந்த டி-90 ‘பீஷ்மா’ என்ற பெயரிலும் சென்னையை அடுத்த ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகின. 1960-களில் விஜயந்தா டாங்கியைத் தயாரிக்கத் தொடங்கிய தொழிற்சாலை அது. ஆவடிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு டாங்கி என்பது பக்கத்து வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போய்ச் செய்துவிட்டு வரும் பொருள். தூரத்துப் போர்க்கருவியாக மட்டும் அவர்கள் அதைப் பார்த்ததில்லை.

தற்செயலாக வந்த எண்

இந்தத் துறையின் வேதவாக்கு 1/35 என்ற அளவு. அது பிறந்த விதம் வேடிக்கையானது. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாடலாக வெளியிட்டது. மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக உடற்பகுதியின் அகலத்தைத் தீர்மானித்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறக்குறைய 1/35 என்று வந்தது. நிறுவனத்தை உலகப் பெயராக்கிய ஷுன்சாகு தாமியாவே இதைச் சொல்லியிருக்கிறார். அடுத்தடுத்த கிட்டுகளும் அதே அளவில் வர, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அரை மில்லிமீட்டர் பிசகினால் சண்டைக்கு வரும் ஒரு துறை, தன் அடிப்படை எண்ணை பேட்டரியிடமிருந்து பெற்றிருக்கிறது.

ஆனால் அதே தாமியாதான் இந்தத் துறைக்கு ஒரு நல்ல பழக்கத்தையும் கொடுத்தது: பொருளைத் தேடிப் போய்ப் பார்ப்பது. அமெரிக்காவின் அபர்டீன் திறந்தவெளி அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு நாடாவும் கேமராவுமாகப் போய் டாங்கிகளை அளந்து வந்தார் ஷுன்சாகு. வாங்குபவர்களும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று ஓர் இந்தியர் விஜயந்தாவைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) உள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மாடல் கட்டுகிறவர் அங்கே டாங்கியின் கம்பீரமான முன்தோற்றத்தோடு திருப்தியடைய மாட்டார். குனிந்து சக்கரத்தின் பின்பக்கத்தைப் படமெடுப்பார்.

கட்டும்போது கிடைக்கும் கல்வி

இந்தக் கலையின் தலையாய பலம் இதுதான்: கண்ணைப் பழக்குவது. பொதுமக்களுக்கு எல்லா டாங்கியும் ஒன்றுதான். கட்டிப் பழகியவருக்கு அப்படியில்லை. சோவியத் டி-55-இல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவது சக்கரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். டி-62-இல் இடைவெளி பின்பக்கம் விரிந்துகொண்டே போகும். இரண்டிலும் ஒரு பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள். சங்கிலிப் பட்டையின் மேல்பாதி அவற்றின்மேல் தொய்ந்து படுத்திருக்கும். டி-72-க்கு ஆறு சிறிய சக்கரங்கள். பட்டையைத் தாங்க மேலே தனி உருளைகள். ஒரு பக்கத்துக்கு நூற்றுக்குச் சற்றுக் குறைவான கண்ணிகளைத் தனித்தனியாகக் கோத்துப் பட்டை செய்தவருக்கு இந்த வேறுபாடு ஆயுளுக்கும் மறக்காது.

பார்ப்பது மெல்ல ‘ஏன்’ என்ற கேள்வியாக மாறும். டி-72எம்1-இன் முன் சரிவில் 16 மில்லிமீட்டர் கனத்தில் கூடுதல் எஃகுத் தகடு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். மாடலில் அது 0.46 மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டினால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். ஒட்டும்போது, இந்தத் தகடு எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியாது. 1982 லெபனான் போரில் கைப்பற்றப்பட்ட இஸ்ரேலியக் குண்டுகளைச் சோவியத் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பழைய முன்தகடு அவற்றைத் தாங்காது என்று தெரிந்ததும் மேலே ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள், ஆயுதப் போட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டிவிடுகிறது. வரலாற்றுப் புத்தகம் வாசிக்காதவரையும் வாசிக்கவைக்கும் ஆற்றல் இந்தப் பொழுதுபோக்குக்கு உண்டு.

பீஷ்மாவைக் கட்ட முனைபவருக்கு இன்னொரு பாடம் காத்திருக்கிறது. கடையில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் ரஷ்யாவின் டி-90ஏ கிட்டுகள். அவற்றின் சுழல்கோபுர முன்பக்கத்தில் குழலுக்கு இருபுறமும் பெரிய விளக்குகள்போல இரண்டு பெட்டிகள் இருக்கும். எதிரியின் ஏவுகணை வழிகாட்டும் கருவியைக் குழப்புவதற்கான ‘ஷ்டோரா’ அமைப்பின் பகுதி அவை. இந்திய டி-90-களில் அந்த விளக்குகள் கிடையாது. அந்த இடத்திலும் வெடிகவசக் கட்டிகள்தான். ஆகவே கிட் கொடுக்கும் மிகக் கவர்ச்சியான பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தைப் புகைப்படம் பார்த்துத் தாமே செய்ய வேண்டும். அறிவுறுத்தல் தாளைப் பின்பற்றுகிறவர் இங்கே ஆய்வாளராகிறார்.

கட்டுமானத்தின் குறையும் இந்த இடத்திலேயே முளைக்கிறது. தானே செய்ய வேண்டியதை வாங்கிவிடலாம் என்ற வசதி இப்போது ஏராளம். மெல்லிய பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த பாகங்கள், கடைசலில் கடைந்த அலுமினியக் குழல், ரெசின் வார்ப்பு, முப்பரிமாண அச்சில் வந்த பட்டைக் கண்ணிகள் என்று ஒரு துணைச் சந்தையே இருக்கிறது. இவற்றை ஒட்டுமொத்தமாகக் குறைசொல்ல முடியாது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் நிஜத்தில் அது 35 மில்லிமீட்டர். சக்கரத்துக்கு மேலுள்ள மெல்லிய தகட்டு மட்கார்டு அந்தக் கனத்தில் இருந்தால் பொய்யாகத் தெரியும். பித்தளை அங்கே உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் முழு உட்புறத்தோடு வரும் அமெரிக்க ஏப்ராம்ஸ் டாங்கிக் கிட்டுகளைப் பாருங்கள். இருக்கை முதல் குண்டு அடுக்கும் அறை வரை நூற்றுக்கணக்கான பாகங்களை ஒட்டி, வண்ணம் பூசி, கடைசியில் சுழல்கோபுரத்தை மேலே வைத்தால் எல்லாம் மறைந்துவிடும். பாகங்களின் எண்ணிக்கை தரத்தின் அளவாகிவிட்டதன் அடையாளம் இது. கட்டப்படாமலே அடுக்கடுக்காகச் சேரும் பெட்டிகள் அதன் மறுபக்கம்.

ரகசியம் என்ற சுவர்

இரண்டாம் உலகப் போர் டாங்கியைக் கட்டுபவருக்கு ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமும் துணை. நவீன டாங்கியைக் கட்டுபவருக்கு அந்தச் சலுகை பாதிதான். வெளியே தெரிவதைப் படமெடுக்கலாம். கவசத்தின் உள்ளடுக்கு இன்னும் ரகசியம். ஏப்ராம்ஸின் கன்னக் கவசத்தை மாடல் எவ்வளவு துல்லியமாகக் காட்டினாலும் அது தோலின் துல்லியம்தான்.

நடப்பு ஆயுதங்களை மாடலாக்குவதில் இருக்கும் இந்தச் சிக்கலுக்கு டாங்கி உலகுக்கு வெளியே இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. 1961-இல் அமெரிக்காவின் ரெவல் நிறுவனம் போலாரிஸ் ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பலின் மாடலை வெளியிட்டபோது, அணுசக்திக் கடற்படையின் தந்தை எனப்பட்ட அட்மிரல் ரிக்கோவர் கொதித்தார். மூன்று டாலருக்கும் குறைந்த விலையில் எதிரிக்கு ரகசியத்தை விற்கிறார்கள் என்பது அவர் புகார். 1986-இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் ‘எஃப்-19’ என்ற பெயரில் ஒரு ரேடார்மறை விமானத்தை ஊகித்து மாடலாக்கியது, அமோகமாக விற்றது. 1988-இல் உண்மையான எஃப்-117 வெளியுலகுக்குக் காட்டப்பட்டபோது, வளைந்து வழுக்கும் அந்த ஊகத்துக்கும் பட்டை பட்டையாக வெட்டியது போன்ற நிஜத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முதல் மாடல் தேவைக்கு மேல் உண்மை. இரண்டாவது முழுக்கக் கற்பனை. பெட்டியைப் பிரித்தவருக்கு இரண்டும் ஒரே அளவு நம்பகமாகத்தான் தெரிந்திருக்கும். நுணுக்கம் கூடக்கூட நம்பிக்கையும் கூடுகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று நுணுக்கம் சொல்வதில்லை.

வண்ணத்தில் நழுவும் நேர்மை

கட்டும்போது புகைப்படத்தைப் பார்ப்பவர், வண்ணம் பூசும்போது அடிக்கடி மற்றவர் செய்த மாடலைப் பார்க்கிறார். இந்தக் கலையின் பெரிய குறை இதுவென்பது என் வாதம்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொன்னால்: முதலில் பிரைமர். அதன்மேல் ஏர்பிரஷ்ஷில் அடிப்படை நிறம், பெரும்பாலும் அக்ரிலிக். அது காய்ந்தபின் எண்ணெய் அல்லது எனாமல் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிடுவார்கள். இதற்கு வாஷ் என்று பெயர். எனாமலைக் கரைக்கும் திரவம் அடியிலுள்ள அக்ரிலிக்கை எளிதில் பாதிக்காது என்பதால் இந்த வரிசை. பிறகு வண்ணம் பெயர்ந்த கீறல்கள், துருக் கசிவு, கடைசியாகப் பிக்மென்ட் எனப்படும் நிறப்பொடியால் தூசியும் சேறும். துரு நிறத்தின்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தெளித்து, அதன்மேல் பச்சை பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்து மேற்பூச்சைப் பெயர்க்கும் உத்தி இதில் மிகக் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு படிக்கும் பொறுமை வேண்டும். கரைப்பான் ஆவி நுரையீரலுக்குப் போகாமல் முகக்கவசமும் வேண்டும்.

உத்திகளில் குறையில்லை. அவை ஒரு பாணியாக இறுகிப்போனதில்தான் குறை. 1980-களில் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் கறுத்த வாஷும் மேடுகளில் வெளிர் நிறத் தேய்ப்புமாக ஒரு தோற்றத்தை உலகெங்கும் பரப்பினார். 2000-க்குப் பிறகு ஸ்பெயினின் மிக் ஹிமெனெஸ் போன்றவர்கள் நிறப்பொடி, துருக் கசிவு, ஒவ்வொரு தகட்டிலும் மேலே வெளிறிக் கீழே அடரும் நிறப்படிவு என்று அடுத்த தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு குப்பி விற்பனைக்கு வந்தது. குப்பி வாங்கினால் பயன்படுத்தத்தானே வேண்டும்? தொழிற்சாலை வாசலைத் தாண்டாத டாங்கிக்கும் இருபது ஆண்டு பழைய துரு ஏறியது.

கணக்கைப் பாருங்கள். 1/35 மாடலை 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, நிஜ டாங்கியைப் பத்தரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் நல்ல கண்ணுக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளி தெரியாது; மாடலில் அது 0.09 மில்லிமீட்டர். எவ்வளவு நுண்மையான தூரிகையாலும் அத்தனை சிறிய கீறலை வரைவது அரிது. தூரிகை போடும் அரை மில்லிமீட்டர் கீறல், நிஜத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வண்ணம் பெயர்ந்த காயம். மாடலின் விளிம்பெங்கும் நூறு கீறல் போட்டால் அந்த டாங்கியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கியிருக்க வேண்டும்.

அடுத்து, பொருள். அமெரிக்காவின் எம்113 கவச வண்டியின் உடல் அலுமினியத்தால் ஆனது. அலுமினியத்துக்குச் செந்துரு பிடிக்காது. ஆனால் பக்கவாட்டில் செந்துரு வழியும் எம்113 மாடல்கள் எத்தனை! டி-72எம்1-இன் பக்கத் திரை ரப்பர் கலந்த பொருள். அது அலையலையாக வளையும், கிழியும், வெளிறும். அதில் எஃகு தெரியும் கீறல் வர வழியே இல்லை. 16 மில்லிமீட்டர் தகட்டுக்காக இரவெல்லாம் ஆதாரம் தேடியவரே அதன்மேல் ஆதாரமில்லாத துருவைப் பூசுகிறார்.

எதிர்வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். சிறிய பொருளின்மேல் விழும் வீட்டு வெளிச்சம் ஆழமான நிழலைத் தராது. நிஜ நிறத்தை அப்படியே பூசினால் மாடல் தட்டையாக, பொம்மையாகத் தெரியும். கூத்துக்காரர் பூசும் அரிதாரம் அருகில் பார்த்தால் மிகைதான். கடைசி வரிசையில் இருப்பவருக்கு முகம் தெரிய அந்த மிகை தேவை. மாடலிலும் நிழலையும் வெளிச்சத்தையும் மிகைப்படுத்துவது நியாயமே. 41 டன்னை நம்பவைக்க வேறு வழியும் இல்லை: பட்டையின் தொய்வு, சக்கரங்கள் மேடுபள்ளத்துக்கேற்ப ஏறி இறங்கியிருப்பது, மண்ணில் பதிந்த தடத்தின் ஆழம் ஆகியவற்றால்தான் எடையற்ற பிளாஸ்டிக் கனக்கத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரிவதற்காக மிகைப்படுத்துவது வேறு, இல்லாததைச் சேர்ப்பது வேறு. துருப்பிடிக்காத பொருளுக்குத் துரு பூசுவது இரண்டாவது வகை.

குடியரசு நாள் அணிவகுப்பில் போகும் பீஷ்மாவும் உண்மையான டாங்கிதான். கழுவித் துடைத்துப் புது வண்ணத்தோடு போகும் அந்த டாங்கியை மாடலாக்குகிறவர்கள் குறைவு. ரசனை மட்டும் காரணமில்லை. சுத்தமான பரப்பில் ஒட்டுக் கோடும் தூசித் துணுக்கும் ஒளிய முடியாது. சேறு எல்லாவற்றையும் மன்னிக்கும். பாலைவனப் பயிற்சியில் ஓடிய டாங்கியைக் காட்ட விரும்பினாலும் அங்கே துருவுக்கு வேலை குறைவு. எல்லா நிறத்தையும் ஒன்றாக்கிவிடும் மெல்லிய மணல்தூசிப் படலம்தான் முதன்மை. நூறு கீறலைவிட அந்த ஒற்றைப் படலத்தைச் சீராகப் பூசுவது கடினம்.

போட்டிகளும் இந்தப் பாணியை அசைக்கவில்லை. 1960-களில் பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ஐபிஎம்எஸ் என்ற பிளாஸ்டிக் மாடலர் சங்கத்தின் நடுவர்கள் முதலில் பார்ப்பது அடிப்படைத் திறன்: ஒட்டுக் கோடு மறைந்திருக்கிறதா, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, பூச்சு சீராக இருக்கிறதா. நியாயமான அளவுகோல்தான், எல்லா டாங்கியையும் எல்லா நடுவரும் அறிந்திருக்க முடியாது. ஆனால் இந்தத் துரு எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்த அளவுகோலில் இடமில்லை. திறமைக்குப் பரிசு கிடைக்கிறது, ஆதாரம் யாராலும் கேட்கப்படுவதில்லை.

எரிந்த டாங்கியில் யார் இருந்தார்கள்?

டி-72-இன் தானியங்கிக் குண்டு ஏற்றும் அமைப்பு, 22 குண்டுகளைச் சுழல்கோபுரத்துக்கு நேர் கீழே வட்டமாக அடுக்கி வைத்திருக்கும். கவசம் துளைக்கப்பட்டு அந்த அடுக்கு வெடித்தால் சுழல்கோபுரமே தூக்கி எறியப்படும். 2022 முதல் உக்ரைனிலிருந்து வந்த படங்களில் அதை உலகமே பார்த்தது. மாடல் உலகம் மிக விரைவாக எதிர்வினை செய்தது: சுழல்கோபுரத்தின்மேல் கம்பிக் கூண்டு கட்டிய டாங்கிக் கிட்டுகள் போர் நடந்துகொண்டிருக்கும்போதே விற்பனைக்கு வந்தன; எரிந்து தலை பறந்த டி-72-ஐச் சுற்றுப்புறத்தோடு காட்சியாக்கும் டயோரமாக்களும் வந்தன.

அவற்றின் தொழில்நுணுக்கம் அபாரம். வெந்த எஃகு எப்படி உடனே செந்நிறத் துருவாகிறது, சாம்பல் எங்கே வெளுத்துப் படிகிறது, சக்கர ரப்பர் எரிந்துபோனதால் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதையெல்லாம் அவர்கள் அறிவார்கள். துரு இங்கே முழு ஆதாரத்தோடு வருகிறது. ஆனால் வெளியேற வழியில்லாமல் உள்ளே இருந்த மூன்று பேரைப் பற்றி அந்த மாடல் என்ன சொல்கிறது? பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. அழிவு ஓர் அழகான மேற்பரப்பாக நின்றுவிடுகிறது.

போரை மாடலாக்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. 1970-களிலேயே அமெரிக்காவின் ஷெப் பெய்ன், டயோரமா ஒரு கதையைச் சொல்ல வேண்டும் என்பதைத் தம் வேலையாலும் எழுத்தாலும் நிறுவிவிட்டார். அவர் காட்டிய வழியில் மனிதருக்கு முதலிடம்; வண்டி அவர்களுக்குப் பின்னணி. இன்று உருவங்களைச் செதுக்கும் திறன் அப்போதைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது. ஆயினும் நவீன டாங்கி டயோரமாவில் மனிதர் பெரும்பாலும் அளவு காட்ட நிறுத்திய ஐந்து சென்டிமீட்டர் உருவமாகவே இருக்கிறார்.

பார்ப்பவர் யார் என்பதும் முக்கியம். தாமியாவின் டி-55ஏ, வடிவத் துல்லியத்துக்காக உலகெங்கும் பாராட்டப்பட்ட கிட். அதே டி-55 வகை டாங்கிகளை இலங்கை இராணுவம் உள்நாட்டுப் போரில் பயன்படுத்தியது. வன்னியில் அந்த இரைச்சலைக் கேட்டவர் அந்த மாடலின் முன் நின்றால், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவது சக்கரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். மாடலைக் கட்டியவர் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்று கேட்டால், பொதுவில் காட்சிக்கு வைத்த கணத்திலிருந்து ஆம் என்பேன்.

தீர்ப்பு

அளவுக்கு முழு மதிப்பெண்; நிறத்துக்குப் பாதி; அர்த்தத்துக்கு அதற்கும் குறைவு. நவீன டாங்கி மாடல் கலையை இப்படித்தான் மதிப்பிடத் தோன்றுகிறது. ஆனால் குறையைத் தீர்க்கும் மருந்து வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கட்டும்போது அந்தக் கலைஞரிடம் இருக்கும் ஒழுக்கத்தை மற்ற இரண்டுக்கும் நீட்டினால் போதும்.

‘ஒரு டி-72’ என்று கட்டாமல், ஒரு குறிப்பிட்ட டி-72-ஐ, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் நின்றதாகக் கட்டலாம். அப்படி முடிவு செய்த உடனேயே குப்பிகளில் பாதி தேவைப்படாமல் போகும். ஒவ்வொரு கீறலுக்கும் கறைக்கும் ஒரு காரணம் வேண்டும்: ஏறி இறங்கும் பூட்ஸ், உரசிய மரக்கிளை, சிந்திய டீசல். காரணம் சொல்ல முடியாத கறையைத் துடைத்துவிட வேண்டும். எரிந்த டாங்கிக்கும் இதே விதிதான். எங்கே, எப்போது, யாருடையது, உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான்கு வரியில் ஓர் அட்டையை மாடலின் பக்கத்தில் வைக்கத் தயாராக இருப்பவர் அதைக் கட்டட்டும். 16 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஆதாரம் தேடத் தெரிந்தவருக்கு இந்த நான்கு வரிக்கு ஆதாரம் தேடுவது முடியாத காரியமல்ல. தேடியும் கிடைக்காவிட்டால், தமக்குத் தெரியாத ஒரு மரணத்தை அலங்காரமாக்க இருந்தோம் என்பதாவது அவருக்குப் புரிந்திருக்கும்.